அனலும் புனலும்: இரு மின்பெயர்களின் வரலாறு

தூத்துக்குடியில் தெர்மல் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள அனல்மின் நிலையத்தால் வந்த பெயர். நீலகிரியில் பைக்காரா, குந்தா பக்கத்து மின்வாரிய ஊழியரிடம் எங்கே வேலை என்று கேட்டால் "ஹைட்ரோல" என்று ஒரே சொல்லில் பதில் வரும். மேட்டூரில் இரண்டும் உண்டு. அணையடியில் ஹைட்ரோ, சற்றுத் தள்ளி தெர்மல். அரசுப் பலகைகளில் இவையே புனல்மின் நிலையம், அனல்மின் நிலையம் என்று தமிழாகி நிற்கின்றன.

இந்த இரண்டு பெயர்களின் வரலாற்றைத் தேடிப் பார்க்கும் தேவை இப்போது வந்திருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக ஹைட்ரோஜெல் என்னும் நீரூறிய மென்பொருளைக் கொண்டு, சுற்றுப்புற வெப்பத்திலிருந்தும் காற்றின் ஈரப்பதத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. வெப்பத்திலிருந்து வருவதால் இதை அனல்மின் எனலாமா? நீரிலிருந்து வருவதால் புனல்மின் எனலாமா? இரண்டும் பொருந்தவில்லை. இங்கே நெருப்பும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. பொருந்தாததற்குக் காரணம் தேடிப் போனால், தெர்மோ, ஹைட்ரோ என்ற பெயர்கள் மின்சாரத்துக்குச் சூட்டப்பட்டபோது கொதிகலனையோ அணையையோ குறிக்கவே இல்லை என்பது தெரியவருகிறது.

தமிழ் இணை, கிரேக்க இணை

முதலில் தமிழ்ச் சொற்கள். புனல் என்பது வெறும் நீரைக் காட்டிலும் ஓட்டமுள்ள நீரையே பெரிதும் குறித்தது. ஆற்றில் புதிதாக வரும் வெள்ளம் புதுப்புனல். அதில் ஆடுவது புனலாட்டு. பரிபாடலின் வையைப் பாடல்கள் இந்தப் புனலைத்தான் கொண்டாடுகின்றன. குடத்து நீரை யாரும் புனல் என்று சொல்வதில்லை. அனல் என்பது நெருப்பு. நெருப்பிலிருந்து வீசும் சூடு. இதற்கும் வடமொழியின் அனலம் என்ற சொல்லுக்கும் உள்ள உறவை, எது எதிலிருந்து வந்தது என்பதை, மொழியறிஞர்கள் நெடுநாளாக விவாதித்து வருகிறார்கள்.

மின்சாரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்விரண்டும் தமிழ்க் காதில் இணையாக ஒலித்தவை. மதுரையில் திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் அனல்வாதமும் புனல்வாதமும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏட்டை நெருப்பில் இடுவது ஒன்று, வையையில் விடுவது மற்றொன்று. இப்படி எதுகையோடு பழகிய இணை கையில் இருந்ததால், தெர்மல், ஹைட்ரோ என்ற இரண்டுக்கும் தமிழ் ஈடு சொல்வது எளிதாயிற்று. நிலக்கரி எரியும் கொதிகலனுக்கு அனல் பொருந்தியது. மலையிலிருந்து குழாயில் பாய்ந்து இறங்கும் நீருக்குப் புனல் பொருந்தியது. செம்மையான ஆக்கம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

கிரேக்க இணைக்கும் நம் பக்கத்தில் உறவுக்காரர்கள் உண்டு. சூட்டைக் குறிக்கும் தெர்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லும், வடமொழி கர்மமும் (வினையைக் குறிக்கும் கர்மம் வேறு), பாரசீகத்துக் கர்மும் ஒரே வேரின் கிளைகள். நம் சமையலறைக் கரம் மசாலாவில் உள்ள கரம் அந்தப் பாரசீகச் சொல்தான். நீரைக் குறிக்கும் ஹுதோர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு உடன்பிறப்பு வடமொழி உதகம். நிலக்கொடைகளில் நீர் வார்த்துக் கொடுத்ததை உதகபூர்வம் என்று கல்வெட்டுகள் சொல்லும்போது வருவது இதே உதகம்.

ஓர்ஸ்டெட் போட்ட கோடு

1800-இல் இத்தாலியின் அலெசாந்த்ரோ வோல்ட்டா தம் அடுக்கை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் வழியே அறிவித்தார். இரண்டு வகை உலோக வட்டுகள், அவற்றுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டை, மறுபடி வட்டுகள் என்று மேலே மேலே அடுக்கிய தூண் அது. உலகின் முதல் மின்கலம். அதன் உயிர் அந்த ஈர அட்டையில் இருந்தது. அட்டை காய்ந்தால் மின்னோட்டம் நின்றுவிடும்.

1821-இல் பெர்லினில் தாமஸ் சீபெக் வேறொன்றைக் கண்டார். இருவேறு உலோகத் துண்டுகளை வளையமாக இணைத்து, ஒரு மூட்டை மட்டும் சூடாக்கினார். வளையத்துக்குள் வைத்த காந்த ஊசி திரும்பியது. நனைந்த அட்டையோ அமிலமோ எதுவும் இல்லை. வெப்பநிலை வேறுபாடு உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று சீபெக் எண்ணி, அதற்கேற்பக் காந்தப் பெயரையே சூட்டினார். கம்பியில் மின்னோட்டம் போனால் காந்த ஊசி திரும்பும் என்பதை 1820-இல் கண்டறிந்தவரான கோபன்ஹேகனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்டுக்கு உண்மை உடனே விளங்கியது. வளையத்தில் ஓடுவது மின்னோட்டம். ஊசி அதனால் திரும்புகிறது.

1823-இல் ஓர்ஸ்டெட் பாரிஸில் இருந்தார். கணித மேதை ஃபூரியேவுடன் சேர்ந்து இந்தச் சோதனைகளைச் செய்து பார்த்தார். அப்போது பெயர்களையும் ஒழுங்குபடுத்தினார். வெப்பத்தால் மின்னோட்டம் எழும் சுற்றுக்குத் தெர்மோ-எலெக்ட்ரிக் என்று பெயர். அதிலிருந்து பிரித்துக் காட்ட, வோல்ட்டாவின் ஈரச் சுற்றுக்கு ஹைட்ரோ-எலெக்ட்ரிக் என்று பெயர். ஹைட்ரோவும் தெர்மோவும் மின்சாரத்தோடு சேர்ந்து ஒரு சோடியாக நின்றது இங்கேதான். அன்று ஹைட்ரோ என்பது அட்டையில் ஊறிய நீர். தெர்மோ என்பது ஒரு மூட்டுக்கும் மறுமூட்டுக்கும் உள்ள சூட்டின் வேறுபாடு. இரண்டிலும் எந்தச் சக்கரமும் சுழலவில்லை.

ஓர்ஸ்டெட் பெயர் சூட்டுவதில் அக்கறை மிகுந்தவர். உலக அறிவியலுக்குக் கிரேக்கத்தில் பெயர் தந்த அதே மனிதர், தம் டேனிஷ் மொழிக்கு வீட்டுச் சொற்களிலிருந்து கலைச்சொற்கள் ஆக்கினார். ஆக்சிஜனுக்கு அவர் தந்த பெயர் இல்ட். நெருப்பைக் குறிக்கும் டேனிஷ் சொல்லிலிருந்து எடுத்தது. ஹைட்ரஜனுக்குப் பிரிண்ட், எரிதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் டென்மார்க் பள்ளிகளில் அவை வழக்கில் உள்ளன. கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய முன்னோடி அவர்.

நீராவியில் ஒரு பொறி

ஹைட்ரோ-எலெக்ட்ரிக் என்ற பெயர் ஓர்ஸ்டெட் வைத்த இடத்தில் நிலைக்கவில்லை. 1840-இல் இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கொதிகலனில் நீராவி கசிந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த இயந்திரத் தொழிலாளியின் ஒரு கை கசியும் ஆவியில் இருந்தது. மறு கையால் பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தொடப் போனார். விரலுக்கும் இரும்புக்கும் நடுவே பொறி பறந்து கையை உதறியது.

செய்தி கேட்டு வந்தவர்களில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். அப்போது அவர் வழக்கறிஞர்; பின்னாளில் பெரும் பொறியாளர், தொழிலதிபர். அவர் அந்தக் கசிவையே இயந்திரமாக்கினார். கண்ணாடிக் கால்களின் மேல் ஒரு கொதிகலன். அதிலிருந்து மரத்தாலான உள்வாய் கொண்ட சிறு குழல்கள் வழியே ஆவி பீறிட்டு வெளியேறும். கொதிகலன் மின்னேற்றம் பெற்று நீண்ட பொறிகளை வீசும். லண்டன் பாலிடெக்னிக் நிறுவனத்தில் மக்கள் கூடி வேடிக்கை பார்த்த அந்த இயந்திரத்தின் பெயர் ஹைட்ரோ-எலெக்ட்ரிக் மெஷின். அன்றைய செய்தித்தாள் வாசகருக்கு ஹைட்ரோ-எலெக்ட்ரிக் என்றால் நீராவியிலிருந்து பறக்கும் பொறி.

நீர் ஆவியாகும்போதே மின்சாரம் பிறக்கிறது என்ற கருத்து அதற்கு முன்பே இருந்தது. 1782-இல் பாரிஸில் வோல்ட்டாவும் லவாய்சியரும் லாப்லாசும் அப்படித்தான் முடிவுக்கு வந்திருந்தார்கள். மைக்கேல் ஃபாரடே 1843-இல் ஆம்ஸ்ட்ராங் விளைவை நுணுகி ஆராய்ந்தார். உலர்ந்த ஆவியை மட்டும் விட்டால் மின்னேற்றம் இல்லை. ஆவியோடு நீர்த்துளிகள் கலந்து குழல்வாயின் சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் மின்னேற்றம் வருகிறது. காரணம் ஆவியாதல் இல்லை, உராய்வு என்று நிறுவினார். பெயரில் ஹைட்ரோ இருப்பதாலேயே நீர் எப்படிச் செயல்படுகிறது என்று தெரிந்துவிடாது. இந்த எச்சரிக்கை இன்றைய ஆய்வுக்கும் வேண்டியது.

பெயரின் மூன்றாவது பிறவியிலும் ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார். 1878-இல் தம் கிராக்சைடு மாளிகைத் தோட்டத்தில், ஏரிநீரின் வீழ்ச்சியால் சக்கரத்தைச் சுழற்றி டைனமோவை ஓட்டி, வில்விளக்கு எரிய வைத்தார். 1882-இல் அமெரிக்காவின் ஆப்பிள்டனில் ஃபாக்ஸ் ஆற்று நீரால் விளக்குகள் எரிந்தன. 1890-களில் நயாகரா. அதற்குள் ஹைட்ரோ-எலெக்ட்ரிக் என்பது அருவிக்கும் அணைக்கும் உரிய பெயராகிவிட்டது. இந்தப் பொருளோடுதான் அது 1897-இல் டார்ஜிலிங்குக்கும், 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்துக்கும், 1932-இல் பைக்காராவுக்கும் வந்து சேர்ந்தது. தெர்மலும் இதே போலச் சீபெக்கின் வளையத்தை விட்டுக் கொதிகலனுக்குப் போய்விட்டது. சீபெக் கண்டதைத் தமிழில் வெப்பமின் விளைவு என்றும், கொதிகலன் நிலையத்தை அனல்மின் நிலையம் என்றும் நாம் பிரித்து எழுதுகிறோம். ஆங்கிலத்தை விட இந்த இடத்தில் தமிழ் தெளிவாகவே இருக்கிறது.

கூழும் களியும்

இனி ஹைட்ரோஜெல். ஹைட்ரோ தெரியும், ஜெல் எங்கிருந்து வந்தது? உறைபனிக்கு லத்தீனில் கெலு. உறைதலைச் சொல்லும் வினை கெலாரே. குளிர்ந்து உறையும் பண்டம் என்ற பொருளில் இதிலிருந்து ஜெலாட்டினும், பிரெஞ்சு வழியே ஜெல்லியும் வந்தன. இத்தாலியப் பனிக்கூழான ஜெலாட்டோவும் இதே வீட்டுப் பிள்ளை.

ஜெலாட்டினை வெட்டி ஜெல் என்று ஒரு தனிச் சொல்லாக்கியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த வேதியியலர் தாமஸ் கிரஹாம். 1861-இல் அவர் கரைபொருள்களைத் தாள்போன்ற சவ்வு ஒன்றின் வழியே ஊடுருவ விட்டுப் பார்த்தார். உப்பும் சர்க்கரையும் எளிதாகக் கடந்தன. பசையும் ஜெலாட்டினும் தயங்கி நின்றன. நின்றவற்றுக்கு, பசையைக் குறிக்கும் கொல்லா என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கொலாய்டு என்று பெயரிட்டார். 1864-இல் சிலிசிக் அமிலத்தின் நீர்த்த நிலையை ஹைட்ரோசோல் என்றும், அது தானாகவே உறைந்து கட்டியான நிலையை ஹைட்ரோஜெல் என்றும் வகுத்தார். நீருக்குப் பதில் ஆல்கஹால் இருந்தால் ஆல்கோசோல், ஆல்கோஜெல். ஆக, முதன்முதலில் ஹைட்ரோஜெல் என்று அழைக்கப்பட்டது மணலின் உறவினரான சிலிக்காவின் நீரூறிய கட்டி. புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிறு பொட்டலத்தில் இருப்பது, அதை உலர்த்திப் பெற்ற சிலிக்கா ஜெல். நீரை இழந்த பிறகும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் அதனிடம் இருக்கிறது.

கொலாய்டுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் தந்த பெயர் கூழ்மம். கிரேக்கம் பசையிலிருந்து எடுத்ததைத் தமிழ் கூழிலிருந்து எடுத்தது. அதே வழியில் இன்னும் ஓரடி போகலாம். கேழ்வரகு மாவும் நீரும் கலந்து காய்ச்சினால், ஊற்ற வருவது கூழ். உருட்ட வருவது களி. கிரஹாம் சோல் என்றும் ஜெல் என்றும் பிரித்த இரு நிலைகளும் நம் பேச்சில் கூழ், களி என்று பிரிந்தே கிடக்கின்றன. களிமண் என்பதிலும் இந்தக் களி உண்டு. ஹைட்ரோஜெல்லுக்கு நீர்க்களி என்ற பெயரை நான் துணிந்து முன்வைப்பது இதனால்தான்.

நீர்க்களியின் பயன் பெருகியது 1960-க்குப் பிறகு. அந்த ஆண்டு செக் நாட்டு வேதியியலர்கள் ஓட்டோ விஷ்டெர்லேயும் தரஹோஸ்லாவ் லீமும், உடலுக்குள் பயன்படக்கூடிய நீர்க்களி ஒன்றை நேச்சர் இதழில் அறிவித்தார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயம் விஷ்டெர்லே தம் வீட்டுச் சமையலறை மேசையில், மெர்க்கூர் என்ற சிறுவர் கட்டுமான விளையாட்டுப் பொருளையும் சைக்கிள் டைனமோவையும் சேர்த்து ஒரு சுழல் கருவி செய்து, முதல் மென் கண்வில்லைகளை வார்த்தார். நீர்க்களியை உருவாக்க அன்று டைனமோ உதவியது. இன்று நீர்க்களி தானே மின்னாக்கியாக முயல்கிறது.

ஈரமும் சூடும் ஒரே பொருளில்

அது எப்படி முடிகிறது? நீர்க்களி என்பது நீண்ட மூலக்கூறுகள் பின்னிய வலை. வலைக்கண்கள் முழுதும் நீர். அந்த நீரில் அயனிகள் என்னும் மின்னேற்றத் துகள்கள். வலை அசையாது, ஆனால் அயனிகள் நகரும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால், சில அயனிகள் வேகமாகவும் சில மெதுவாகவும் இடம் மாறும். இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் எழும். களியில் பெர்ரோசயனைடு, பெர்ரிசயனைடு போன்ற இணையைக் கலந்தால், சூடான முனையில் ஒன்று எலெக்ட்ரானை விடும். குளிர்ந்த முனையில் மற்றொன்று அதை ஏற்கும். சூட்டு வேறுபாடு இருக்கும் வரை இது தொடரும்.

2020-இல் ஷென்சென் தென்னக அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்ஐடியும் சேர்ந்து சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஜெலாட்டின். ஜெல் என்ற பெயருக்குத் தாயான அதே ஜெலாட்டின். அதில் பொட்டாசியம் குளோரைடையும் பெர்ரோ–பெர்ரிசயனைடு இணையையும் ஊறவைத்தார்கள். ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 17 மில்லிவோல்ட் கிடைத்தது. வழக்கமாகப் பயன்படும் பிஸ்மத் டெல்லுரைடு தருவது ஏறத்தாழ 0.2 மில்லிவோல்ட். அப்படிப்பட்ட 25 துண்டுகளை இணைத்து உடலில் அணிந்தபோது 2 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தமும், உச்சமாக 5 மைக்ரோவாட் திறனும் கிடைத்தன.

அதே ஆண்டில் சீனாவின் ஊகான் பல்கலைக்கழகத்தார் சூட்டையும் ஈரத்தையும் ஒருங்கே ஆளும் களிப்படலம் ஒன்றை அறிவித்தார்கள். அதில் லித்தியம் புரோமைடு என்ற, ஈரத்தை வலிந்து இழுக்கும் உப்பு இருக்கிறது. கைப்பேசி மின்கலத்தின் மேல் ஒட்டினால், மின்கலம் சூடாகும்போது படலத்தின் நீர் ஆவியாகி அதைக் குளிர்விக்கும். சூட்டின் ஒரு சிறு பங்கு மின்சாரமாகும். மின்கலம் ஓய்ந்திருக்கும்போது படலம் இழந்த நீரைக் காற்றிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஓர்ஸ்டெட் கோடு போட்டுப் பிரித்த ஹைட்ரோவும் தெர்மோவும் இங்கே ஒரு மெல்லிய படலத்துக்குள் கூடி வேலை செய்கின்றன. சக்கரமும் கொதிகலனும் வருவதற்கு முன் அந்தச் சொற்களுக்கு இருந்த பொருள் திரும்பியிருக்கிறது.

ஈரத்தால் மட்டுமே இயங்கும் களிகளும் உண்டு. ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்தும் மறுபக்கம் மூடியும் இருந்தால், திறந்த பக்கம் அதிக ஈரம் குடிக்கும். அங்கே அயனிகள் விடுபட்டு, ஈரம் குறைந்த பக்கம் நோக்கி நகரும். அந்த நகர்வே மின்னழுத்தமாகிறது. அப்பளம் காற்றில் கிடந்தால் நமுத்துப் போகிறது என்கிறோமே, அந்த நமுப்புத்தான் இங்கே எரிபொருள்.

என்ன பெயர் சொல்லுவது?

ஆங்கிலத்தில் பெயர்கள் பெருகிவிட்டன. பிரேசிலின் பெர்னாண்டோ கலெம்பெக் 2010-இல் பரவலாக அறியச் செய்த பெயர் ஹைக்ரோ-எலெக்ட்ரிசிட்டி. கிரேக்கத்தில் ஹைக்ரோஸ் ஈரம், ஹுதோர் நீர். இந்த வேறுபாட்டை அவர் மதித்தார். 2018-இல் சீனாவின் நான்ஜிங்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹைட்ரோவோல்ட்டாயிக் என்ற பெயரை முன்வைத்தார்கள். வோல்ட்டாவின் ஈரச் சுற்றுக்கு ஓர்ஸ்டெட் கொடுத்த ஹைட்ரோ, வோல்ட்டாவின் பெயரோடே மறுபடி ஒட்டிக்கொண்டது.

தமிழுக்கு நான் மூன்று அளவுகோல்களைச் சொல்வேன். முதலாவது, பெயர் நிகழ்வைச் சரியாகக் காட்ட வேண்டும். புனல்மின் என்றால் பாயும் நீர் நினைவுக்கு வரும். அனல்மின் என்றால் எரியும் உலை. இங்கே ஈரப்பத மின்சாரம், வெப்பமின் என்பவையே சரி. சுருக்கத்துக்காக ஈரமின் என்று எழுதத் தோன்றும். ஆனால் அது 'ஈரமின்றி' என்ற எதிர்ப்பொருளைக் காதில் எழுப்புகிறது. ஆகவே விரித்து எழுதுவதே நல்லது.

இரண்டாவது, பெயர் அளவை மிகைப்படுத்தக் கூடாது. 'காற்றிலிருந்து மின்சாரம்' என்ற தலைப்பைப் படிப்பவர் வீட்டு விளக்கை நினைப்பார். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரிய, 5 மைக்ரோவாட் தரும் சாதனங்கள் 18 லட்சம் வேண்டும். தோலில் ஒட்டும் உணர்கருவி, வயலில் தனியே நிற்கும் ஈரமானி போன்ற, மின்கலம் மாற்ற வழியில்லாத சிறு கருவிகள்தான் இதன் உண்மையான களம். அந்தக் களத்தில் மைக்ரோவாட்டும் பெரும் உதவி. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் தோலுக்கும் காற்றுக்கும் சூட்டு வேறுபாடு குறைவு என்பதால் உடல்வெப்பக் களி சிறக்க வாய்ப்புக் குறைவு. கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் உண்டு என்பதால் ஈரப்பதக் களிக்கு வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, பெயர் சோதனைக்குப் பிறகே வர வேண்டும். ஈரக் களியின் இரு பக்கமும் வெவ்வேறு உலோக மின்முனைகளை வைத்தால், அந்த உலோகம் அரிபடுவதாலேயே மின்னோட்டம் வரும். அது வோல்ட்டா 1800-இல் அடுக்கிய மின்கலம்தான். காற்றின் ஈரத்துக்கு அதில் பங்கு சொல்ல முடியாது. அரிக்காத கரி மின்முனைகளை இருபுறமும் வைத்து, ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, உலோகத்தின் பங்கு இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஈரப்பத மின்சாரம் என்று சொல்லத் தகும். ஆம்ஸ்ட்ராங்கின் இயந்திரத்துக்கு ஃபாரடே செய்த வேலையை இன்று ஒவ்வோர் ஆய்வகமும் தன் களிக்குச் செய்தாக வேண்டும்.

ஹைட்ரோ-எலெக்ட்ரிக் என்ற பெயர் நனைந்த அட்டையில் தொடங்கி, நீராவிக்குப் போய், அணையில் தங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் பெயர் மாறாமல் பொருள் மாறியதால் முந்தைய பொருள் மறந்துபோனது. நமக்கு அந்த மறதி தேவையில்லை. அணைக்குப் புனல்மின், உலைக்கு அனல்மின், சூட்டு வேறுபாட்டுக்கு வெப்பமின், காற்றின் ஈரத்துக்கு ஈரப்பத மின்சாரம், இரண்டையும் தாங்கும் பொருளுக்கு நீர்க்களி என்று ஐந்தையும் ஐந்தாகவே வைத்துக்கொள்ளத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. பாடநூல் எழுதுபவர்களும் அறிவியல் செய்தி எழுதுபவர்களும் இந்த ஆய்வு வளரும்போதே இவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால், நாளை இதைப் படிக்கும் மாணவர் பெயரைக் கேட்டதுமே எது எதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார்.